‘சசிகலா எண்டால் எங்கட ஆளோ?’: ஷஷிகலா சிறிவர்தன பந்துவீசிய 17 வருடங்கள்

எனது தங்கையின் மகளுக்குப் 14 வயது. பூவரசங்குளத்தில் பாடசாலை விட்டு வந்ததும் சாப்பாட்டுக் கோப்பையை ஒரு கையிலும் என்னுடைய போனை மறு கையிலும் வைத்துக்கொண்டு கிரிக்கெட் பார்ப்பாள். கடந்த வருடம் ஒரு பின்னேரம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரெனக் கேட்டாள்.

“பெரியம்மா, சசிகலா எண்டால் எங்கட ஆளோ?”

போனை வாங்கிப் பார்த்தேன். நீலச் சீருடையில் ஒரு பெண் நாலைந்து அடி நடந்து வந்து, அவசரமில்லாமல் பந்தை மேலே தூக்கிப் போடுகிறார். துடுப்பெடுத்தாடியவர் முன்னுக்கு வந்து அடிக்கப் பார்க்கிறார், பந்து உள்ளே திரும்பி விக்கெட்டைச் சாய்க்கிறது. கீழே பெயர் ஷஷிகலா சிறிவர்தன என்று இருந்தது.

“இல்லையம்மா, அவ சிங்களப் பிள்ளை. கொழும்பு” என்றேன்.

பிள்ளையின் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் போனைத் திருப்பித் தரவில்லை. அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். “நானும் இப்பிடித்தான் போடுறனான்” என்று மெதுவாகச் சொன்னாள். அவள் பாடசாலை மைதானத்தில் மென்பந்தில் ஓஃப் ஸ்பின் போடுகிறவள். அவளுக்கு அதைக் காட்டிக் கொடுத்தவர் பாடசாலைக்கு வருகிற பயிற்றுநர்.

நான் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். விளையாட்டைப் பற்றி எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு அவளுக்காகத் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க இன்னொன்றும் நடந்தது. ஷஷிகலா விளையாடிய ஒவ்வொரு வருடத்திலும் நாங்கள் எங்கே இருந்தோம் என்ற கணக்கு எனக்குள் தானாக ஓடத் தொடங்கியது. எங்கள் வாசகர்களில் பலருக்கும் அந்தக் கணக்கு ஓடும் என்று நினைக்கிறேன்.

ஷஷிகலா சிறிவர்தன 1985 பெப்ரவரி 14 இல் கொழும்பில் பிறந்தவர். வலதுகை ஓஃப் ஸ்பின் பந்துவீச்சாளர், நடுவரிசையில் துடுப்பெடுத்தாடுகிறவர். 2003 இல், 18 வயதில், இலங்கை மகளிர் அணிக்காக முதலாவது ஒருநாள் சர்வதேசப் போட்டியில் விளையாடினார். 2020 மார்ச்சில் ஓய்வுபெற்றார். இடைப்பட்ட 17 வருடங்களில் 118 ஒருநாள் போட்டிகளில் 124 விக்கெட்டுகள், 2029 ஓட்டங்கள். 81 இருபதுக்கு இருபது போட்டிகளில் 77 விக்கெட்டுகள், 1097 ஓட்டங்கள். ஒருநாள் போட்டிகளில் 100 விக்கெட்டுகளைத் தாண்டிய முதலாவது இலங்கைப் பெண் அவர். அணித் தலைவியாகவும் இருந்தார்.

இந்த எண்களை முதலில் பார்த்தபோது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எங்கள் வீடுகளில் சுழற்பந்து என்றால் முத்தையா முரளிதரன்தான். டெஸ்டில் 800, ஒருநாள் போட்டிகளில் 534. அந்த எண்களுக்குப் பக்கத்தில் 124 என்ன எண் என்று தோன்றியது. பிறகுதான் போட்டிகளை எண்ணிப் பார்த்தேன். முரளிதரன் 18 வருடங்களில் 133 டெஸ்ட், 350 ஒருநாள் போட்டிகளில் பந்துவீசியவர். ஷஷிகலாவுக்கு 17 வருடங்களில் கிடைத்தவை 118 ஒருநாள் போட்டிகள். சராசரியாக வருடத்துக்கு ஏழு. ஒரு டெஸ்ட் போட்டிகூட இல்லை. இலங்கை மகளிர் அணி 1997 நவம்பரில்தான் முதலாவது ஒருநாள் போட்டியை விளையாடியது. 1998 ஏப்ரலில் கொழும்பு கோல்ட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தானுடன் ஒரு டெஸ்ட் ஆடி, 309 ஓட்டங்களால் வென்றது. வென்ற அணிக்கு அடுத்த டெஸ்டைக் கொடுக்க வேண்டும்தானே. ஷஷிகலா வந்து, விளையாடி, ஓய்வுபெற்றுப் போகும்வரை அந்த இரண்டாவது டெஸ்ட் வரவேயில்லை.

சுழற்பந்து வீச்சாளருக்கு இது சின்ன விடயமல்ல. வேகமாக வீசுகிறவருக்கு உடம்பில் பலம் இருக்கும் வயதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். சுழற்பந்து அப்படியல்ல என்று பயிற்றுநர் எனக்கு விளங்கப்படுத்தினார். ஓஃப் ஸ்பின்னில் பந்தின் தையலுக்குக் குறுக்காக ஆட்காட்டி விரலும் நடுவிரலும் அகன்று பிடிக்கின்றன. வேலை முழுவதும் ஆட்காட்டி விரலின் மேல் மூட்டுக்கு. தண்ணீர்க் குழாயை இறுக்கிப் பூட்டுகிற திசையில் மணிக்கட்டும் விரலும் திரும்புகின்றன. பந்து விழுந்ததும் வலதுகைத் துடுப்பாட்டக்காரியின் உடம்பை நோக்கி உள்ளே வருகிறது. இது மட்டும் என்றால் ஒரு மாதத்தில் பழகிவிடலாம். எவ்வளவு உயரத்தில் விடுவது, காற்று எந்தப் பக்கம், முன்னைய பந்தில் அவள் காலை எங்கே வைத்தாள், அடுத்த பந்தை அரை அடி பின்னுக்குப் போட்டால் என்ன செய்வாள் என்பதெல்லாம் போட்டியில் அடிவாங்கி அடிவாங்கித்தான் படிய வேண்டும். “இது பழகுறதுக்குக் குறைஞ்சது பத்து வருசம், அதுவும் இடையில விடாமல்” என்றார் அவர். இடையில் விடாமல் என்ற சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

மகளிர் கிரிக்கெட்டில் பந்தும் சற்றுச் சிறியது. ஆண்களின் பந்து ஏறத்தாழ 156 முதல் 163 கிராம்வரை இருக்கும். பெண்களுடையது 140 முதல் 151 கிராம்வரை. சின்னக் கைக்குப் பிடிப்பது சுகம், ஆனால் எல்லைக்கோடும் கிட்ட இருக்கிறது. மெதுவாக வீசுகிறவள் ஒரு பந்தைப் பிழையாகப் போட்டால் அது நாலு. அதனால்தான் ஷஷிகலாவைப் போன்றவர்கள் திருப்பத்தைவிட இடத்தை நம்பினார்கள். அவருடைய பழைய காட்சிகளைப் பார்த்தால் பெரிய மாயவித்தை எதுவும் தெரியாது. ஒரே இடம், ஒரே இடம், பிறகு கொஞ்சம் மெதுவாக ஒன்று. எதிரே நிற்கிறவள் பொறுமை இழப்பாள். பிள்ளைக்கு முதலில் இது பிடிக்கவில்லை. பந்து பாம்பு மாதிரித் திரும்ப வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

இனி அந்த வருடங்களுக்கு வருகிறேன்.

2003 சமாதான காலம். ஏ9 பாதை திறந்து ஒரு வருடம். நான் பூவரசங்குளத்தில் பிறந்து மல்லாவிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். ஓமந்தையில் இறங்கி, வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏறித்தான் அம்மா வீட்டுக்கு வருவேன். கொழும்பில் ஒரு 18 வயதுப் பெண் நாட்டுக்காகப் பந்துவீசத் தொடங்கிய அந்த வருடத்தில், எங்கள் பக்கத்தில் 18 வயதுப் பெண்களின் கையில் இருந்தது வேறு. ஷஷிகலாவின் வயதுக்காரிகள் சிலரை எனக்குத் தெரியும். வலைப்பந்தில் மாவட்டத்துக்கு விளையாடியவள் ஒருத்தி இருந்தாள். கையை உயர்த்தினால் கூடைக்குள் பந்து போகும். 2009 க்குப் பிறகு அவளை நான் காணவில்லை.

2009 மார்ச்சில் அவுஸ்திரேலியாவில் மகளிர் உலகக் கிண்ணம் நடந்தது. மார்ச் 7 முதல் 22 வரை. ஷஷிகலா அங்கே விளையாடிக்கொண்டிருந்தார். அதே மார்ச் 3 ஆம் திகதி லாகூரில் இலங்கை ஆண்கள் அணி சென்ற பேருந்தின் மீது தாக்குதல் நடந்து உலகம் முழுவதும் அதைப் பற்றிப் பேசியது. எங்களுக்கு அது இரண்டும் தெரியாது. நாங்கள் மாத்தளனில் இருந்தோம். இதற்கு மேல் அந்த மார்ச்சைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை, வாசிக்கிறவர்களுக்கே தெரியும்.

அந்த வருடம் ஜூனில் இங்கிலாந்தில் முதலாவது மகளிர் இருபதுக்கு இருபது உலகக் கிண்ணம் ஆரம்பித்தது. இலங்கை மகளிர் அணி தனது முதலாவது சர்வதேச இருபதுக்கு இருபது போட்டியை விளையாடியதும் அங்கேதான். நாங்கள் அப்போது மெனிக் பாமில், இராமநாதன் முகாமில், இரண்டு குடும்பங்களுக்கு ஒரு கூடாரத்தில் இருந்தோம். முட்கம்பிக்கு வெளியே ஓடுகிற மன்னார் வீதியில் பேருந்து ஏறினால் பூவரசங்குளம் கொஞ்ச நேரப் பயணம். நான் பிறந்த ஊர் அவ்வளவு கிட்ட இருந்தது, போக முடியாது. முகாமில் பையன்கள் தகரப் பலகையை மட்டையாக்கி, துணியைச் சுற்றிப் பந்தாக்கி விளையாடினார்கள். பெண் பிள்ளைகள் தண்ணீர் வரிசையில் நின்றார்கள்.

2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டது. அதற்கு முன்பே நான் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டேன். 2013 பெப்ரவரியில் இந்தியாவில் மகளிர் உலகக் கிண்ணம் நடந்தது. ஷஷிகலா அணித் தலைவி. இந்தத் தொடரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

பெப்ரவரி 1 ஆம் திகதி, மும்பை பிரபோர்ன் மைதானம். எதிரே 2009 இல் உலகக் கிண்ணத்தை வென்ற இங்கிலாந்து. இலங்கை மகளிர் அணியை அதுவரை யாரும் பொருட்டாக எடுத்ததில்லை. இங்கிலாந்து 8 விக்கெட் இழப்புக்கு 238 ஓட்டங்கள் எடுத்தது. இலங்கைக்கு ஆரம்பத்தில் சமரி அத்தபத்து 62 ஓட்டங்கள் அடித்துக் கொடுத்தார். பின்னால் எஷானி கௌசல்யா வந்து 41 பந்துகளில் 56 அடித்தார். விக்கெட்டுகள் விழுந்துகொண்டே போயின. கடைசிப் பந்து வந்தபோது ஒன்பது பேர் ஆட்டமிழந்துவிட்டார்கள், இரு அணிகளின் ஓட்டங்களும் சமம். ஒரு ஓட்டம் போதும். டிலானி மனோதரா அதை ஆறாக அடித்தார். ஒரு விக்கெட்டால் வெற்றி.

நான்கு நாட்கள் கழித்து, பெப்ரவரி 5, எதிரே போட்டியை நடத்துகிற இந்தியா. இலங்கை 5 விக்கெட்டுக்கு 282. அதில் ஷஷிகலாவும் அரைச்சதம் அடித்தார். இந்தியா 144 ஓட்டங்களுக்குச் சுருண்டது. 138 ஓட்டங்களால் தோற்று, சொந்த மண்ணில் முதல் சுற்றோடு வெளியே போனது. அந்த இந்தியக் குழாமில் சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினியும் இருந்தார். சில நாட்களுக்கு முன்னர்தான் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகச் சதமடித்து, உலகக் கிண்ணத்தில் சதமடித்த முதலாவது இந்தியப் பெண் என்ற பெயரை எடுத்திருந்தார். பிள்ளைக்கு இதைச் சொன்னபோது அவள் குழம்பிப்போனாள். “அப்ப நாங்கள் ஆருக்குக் கை தட்டுறது?” என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. எங்கள் வீட்டில் பெரியவர்களும் அதற்குப் பதில் சொன்னதில்லை.

இலங்கை கிரிக்கெட் எங்களுக்கு ஒருபோதும் வெறும் கிரிக்கெட்டாக இருந்ததில்லை. 1996 இல் ஆண்கள் உலகக் கிண்ணத்தை வென்ற வருடத்தில் வன்னியில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு வீட்டு விறாந்தையைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பிறகு வவுனியாவில் காவலரண்களைக் கடந்து போகும்போது வானொலியில் வர்ணனை கேட்கும். உள்ளே கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்டபடி அடையாள அட்டையை நீட்டிய ஒருவருக்கு அந்த அணியின் வெற்றி எப்படி இனிக்கும். மறுபக்கம் எங்கள் அண்ணா முரளியின் பந்துவீச்சு என்றால் சாப்பாட்டையும் மறந்துவிடுவான். 2013 மார்ச்சில், அதாவது ஷஷிகலாவின் அணி இந்தியாவிலிருந்து திரும்பிய அடுத்த மாதம், சென்னையில் நடக்கும் ஐபிஎல் போட்டிகளில் இலங்கை வீரர்கள் விளையாடக் கூடாது என்று தமிழ்நாடு அரசு சொன்னது. எங்களுக்காகச் சொன்னார்கள். அந்தத் தடையால் சென்னையில் விளையாட முடியாமல் போனவர்களில் முரளிதரனும் ஒருவர். எனக்கு அன்றும் இன்றும் இதில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கத் தெரியவில்லை. ஷஷிகலாவைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் “உனக்கு வேற ஆள் கிடைக்கேல்லையோ” என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். 14 வயதுப் பிள்ளைக்குப் பந்தை எப்படித் தூக்கிப் போடுவது என்று காட்ட, இந்தத் தீவில் அதைப் 17 வருடம் செய்துகாட்டிய பெண்ணை விட்டு நான் வேறு எங்கே போவது?

பிள்ளை விடாமல் தேடினாள். பழைய அணிப் பட்டியல்களில் பெரேரா, வீரக்கொடி, ரசாங்கிகா, ரணவீர என்று போய்க்கொண்டிருக்கும்போது ஒரு நாள் ஓடி வந்தாள். சுதர்சினி சிவானந்தம் என்ற பெயரைக் கண்டுபிடித்திருந்தாள். 2000 களில் இலங்கை மகளிர் அணிக்காக விளையாடியவர். அவரும் சுழற்பந்து வீச்சாளர், இடதுகை. ஷஷிகலாவோடு ஒரே அணியில் பந்துவீசியவர். நான் இத்தனை வருடங்களில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதேயில்லை. எங்கள் பத்திரிகைகள் முரளியைப் பற்றி எழுதிய பக்கங்களில் நூறில் ஒன்றையாவது அவருக்குக் கொடுத்திருந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு உதவியிருக்கும். குறை சொல்வதென்றால் முதலில் என்னைத்தான் சொல்ல வேண்டும். மகளிர் கிரிக்கெட் ஓடினால் ரீவியை மாற்றிவிடுகிற ஆள் நான்.

ஷஷிகலாவின் காலத்திலேயே இன்னொரு சுழற்பந்து வீச்சாளரும் வளர்ந்தார். இனோகா ரணவீர, இடதுகைச் சுழல். 2015 நவம்பரில் நியூசிலாந்துக்கு எதிராக அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று விக்கெட்டுகளை எடுத்து, ஒருநாள் போட்டியில் ஹட்ரிக் எடுத்த முதலாவது இலங்கைப் பெண்ணானார். 2022 ஆசியக் கிண்ணத்தில் 13 விக்கெட்டுகள் கைப்பற்றினார். பிறகு வந்த கவிஷா டில்ஹாரி, ஷஷிகலாவைப் போலவே ஓஃப் ஸ்பின்னும் நடுவரிசைத் துடுப்பாட்டமும். 2024 ஜூலை 28 ஆம் திகதி தம்புள்ளையில் இந்தியாவை 8 விக்கெட்டுகளால் வென்று இலங்கை மகளிர் முதன்முறையாக ஆசியக் கிண்ணத்தைத் தூக்கியபோது அவர் அணியில் இருந்தார். தம்புள்ளை எங்களுக்கு ஒன்றும் தூரமில்லை. ஷஷிகலா ஓய்வுபெற்று அப்போது நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. அவர் விளையாடிய காலத்தில் இப்படியொரு கிண்ணம் அந்த அணிக்குக் கிடைக்கவில்லை.

அவருடைய கடைசிப் போட்டி 2020 மார்ச் 2 ஆம் திகதி, மெல்பேர்ன் ஜங்ஷன் ஓவல் மைதானத்தில். இருபதுக்கு இருபது உலகக் கிண்ணம். நியூசிலாந்து, அவுஸ்திரேலியா, இந்தியா ஆகிய மூன்று அணிகளிடமும் தோற்ற இலங்கை, பங்களாதேஷுடன் விளையாடுகிறது. அரையிறுதி வாய்ப்பு இல்லை. இந்தத் தொடரோடு ஓய்வு என்று ஷஷிகலா முன்பே சொல்லிவிட்டார். வயது 35. நான்கு ஓவர்கள், 16 ஓட்டங்கள், நான்கு விக்கெட்டுகள். பங்களாதேஷ் 8 விக்கெட்டுக்கு 91. இலங்கை 9 விக்கெட்டுகளால் வென்றது, போட்டியின் சிறந்த வீராங்கனை அவரே. பிள்ளை அன்று என் போனில் முதன்முதலாகப் பார்த்த காட்சியும் இந்தப் போட்டியில் எடுத்ததுதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 17 வருடங்கள் ஒரே இடத்தில் போட்டுப் போட்டுப் பழகிய கை கடைசி நாளிலும் அதே இடத்தில் போட்டிருக்கிறது. பயிற்றுநரிடம் இதைக் காட்டினேன். “அவவின்ர தலையைப் பாருங்கோ. பந்து கையை விட்டுப் போனாப் பிறகும் தலை அசையேல்லை” என்றார். எனக்கு அது தெரியவில்லை. பிள்ளைக்குத் தெரிந்தது.

இனி நான் எழுதத் தயங்கிய பகுதி.

பயிற்றுநர் இந்த வருடம் தைப்பொங்கல் முடிந்த கிழமை வீட்டுக்கு வந்தார். பிள்ளையைக் கடினப்பந்துக்கு மாற்ற வேண்டும், மென்பந்தில் இனிப் படிக்க ஒன்றுமில்லை, கை கெட்டுவிடும் என்றார். வவுனியா நகருக்குச் சனி, ஞாயிறு கூட்டிக்கொண்டு போக வேண்டும். காலுறை, கையுறை, தலைக்கவசம் முதலில் இரவல் எடுக்கலாம். தங்கை தேநீர் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

“சேர், இவள் நல்லா விளையாடினாலும் படிப்பு முடிஞ்சாப் பிறகு எங்க விளையாடுறது?”

அவர் நேர்மையான மனிதர். ஒளிக்கவில்லை. பெண்கள் கிரிக்கெட்டை வேலையாகக் கொண்டு வாழ்வதற்கு இந்த நாட்டில் வழிகள் குறைவு. உள்ளூர்ப் போட்டிகளில் பலமான அணிகள் இராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் விளையாட்டுக் கழகங்கள். அங்கே சேர்ந்தால் சம்பளம் உண்டு, மைதானம் உண்டு, பயிற்சி உண்டு. தேசிய அணிக்கு வந்தவர்களில் பலர் அந்த வழியால் வந்தவர்கள். தெற்கில் ஒரு ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு அது நல்ல வாய்ப்பு. அதில் நான் குறை காணமாட்டேன். இந்தியாவில் பெண் கிரிக்கெட் வீராங்கனைகள் பலருக்கு நீண்ட காலம் வேலை கொடுத்தது ரயில்வே. மிதாலி ராஜும் ரயில்வேதான்.

“அங்க ரயில்” என்றாள் தங்கை. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் அண்ணா 2009 மே மாதத்துக்குப் பிறகு வீடு வரவில்லை. அம்மா அவனுடைய படத்தோடு வவுனியாவில் வீதியோரப் பந்தலில் இருந்துவிட்டு வந்து அடுத்த வருடம் கண்ணை மூடினாள். அவனுடைய மருமகள் ஒரு நாள் எந்தச் சீருடைக் கழகத்தின் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு பந்துவீச வேண்டி வரும் என்பதைப் பயிற்றுநர் போன பிறகு நாங்கள் இருவரும் பேசவில்லை. அடுப்படியில் இருந்தோம். பிள்ளை வெளியே சுவருக்குப் பந்தெறிந்துகொண்டிருந்தாள். டொக், டொக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது.

சில விடயங்களை நிதானமாக யோசித்தால், அவளுக்கு இப்போது 14 தான். உடனே முடிவெடுக்க ஒன்றுமில்லை. பாடசாலை அணி, மாவட்ட அணி, மாகாண அணி, 19 வயதுக்குட்பட்ட அணி என்று நான்கைந்து வருடங்களுக்குப் படிகள் இருக்கின்றன. 2023 இல் தென்னாபிரிக்காவில் 19 வயதுக்குட்பட்ட மகளிருக்கான உலகக் கிண்ணம் முதன்முதலாக நடந்தது. ஷஷிகலாவின் காலத்தில் அந்தப் படி இருக்கவில்லை. யாழ்ப்பாணத்து விஜயகாந்த் வியாஸ்காந்த் லெக் ஸ்பின் போட்டுக்கொண்டு மத்திய கல்லூரியிலிருந்து எல்பிஎல் போய், 2023 இல் இலங்கை அணிச் சீருடையையும் போட்டு, 2024 இல் ஐபிஎல்லிலும் விளையாடினான். பையன்களுக்குக் கழகங்கள் இருக்கின்றன, தனியார் தொடர்கள் இருக்கின்றன. 1904 முதல் ஆடுகிற வடக்கின் பெரும் போர் இருக்கிறது. பெண்களுக்கும் சீருடை இல்லாத ஒரு கழகம், வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஒன்று, சம்பளம் கொடுக்காவிட்டாலும் ஒரு மைதானத்தையும் வருடத்துக்கு இருபது போட்டிகளையும் கொடுக்கிற ஒன்று இருந்தால் போதும். கோவில் திருவிழாவுக்கும் கழக ஆண்டு விழாவுக்கும் பணம் அனுப்புகிற புலம்பெயர்ந்த உறவுகளிடம் நான் கேட்க நினைப்பது இது ஒன்றுதான். ஒரு சீமெந்துத் தளமும் மேலே விரிக்க ஒரு பாயும் என்ன விலை என்று பயிற்றுநரிடம் கேட்டால் சொல்வார்.

தங்கை மூன்று நாட்கள் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் இரவு, விளக்கை அணைத்த பிறகு, “சனிக்கிழமை எத்தனை மணிக்கு பஸ் அக்கா?” என்று கேட்டாள்.

இப்போது கிழமைக்கு இரண்டு நாள் போகிறோம். நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். காலை பஸ்ஸில் இருக்கை கிடைக்காது, பிள்ளை இரவல் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நிற்பாள். முதல் மாதம் அவளைப் பையன்கள் நன்றாக அடித்தார்கள். கடினப்பந்து பாரம், கையிலிருந்து சறுக்கிக் குறுக்காக விழுந்தது. அழுதுகொண்டு வந்தாள். பிறகு, திருப்புவதை விட்டுவிட்டு ஒரே இடத்தில் போட்டுப் பார்க்கிறேன் என்று தானாகச் சொன்னாள். பயிற்றுநர் ஆடுகளத்தில் ஒரு பழைய பத்திரிகைத் தாளை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தார். முதல் நாள் 60 பந்தில் தாளில் விழுந்தவை 11. நான் மரத்தடியில் இருந்து எண்ணினேன். போன சனிக்கிழமை 27.

அவளுடைய ஆட்காட்டி விரலின் மேல் மூட்டில் தோல் உரிந்திருக்கிறது. பந்தின் தையல் உரசுவதால் வருவது, ஓஃப் ஸ்பின் போடுகிற எல்லோருக்கும் வரும் என்கிறார்கள். இரவில் தேங்காய் எண்ணெய் பூசிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் பேனை பிடிக்க நோகிறதாம், அதனால் இந்தக் கிழமை கணக்குப் பாடத்தில் எழுத்து கோழி கிண்டியது போல இருந்தது என்று ஆசிரியை குறிப்பெழுதி அனுப்பியிருக்கிறார்.